கண்ணிலார்க்குக் கல்வி

கெடாவின் தென்பகுதியில், பாடாங் செராய்க்கு அணித்தே உள்ளது பாடாங் மேஹாத் தோட்டம். அவ்வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் ஓங்கி நின்ற காலத்து வாழ்க்கையை நம் வாசகர்களுக்கு விவரித்துக் கூற வேண்டுவதில்லை. விடியுமுன் மணி அடிக்கும்; பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள்; வாளியும் கத்தியுமாக ஆணும் பெண்ணும் நிரைக்குப் போவார்கள். அவ்வுலகில் எல்லாருக்கும் ஒரு கணக்கு இருந்தது. உழைப்பவன் பெயர் செக்ரோல் புத்தகத்தில். பள்ளிப் பிள்ளையின் பெயர் ஆசிரியரின் இடாப்பில். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். எந்தக் கணக்கிலும் சேராத பிள்ளை ஒன்றே ஒன்று உண்டு. அதுதான் லயத்து வீட்டு வாசலில் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும் கண் தெரியாத பிள்ளை.

இன்று பால்மரங்கள் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கின்றது. குடும்பங்கள் பல கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் பட்டர்வொர்த்துக்கும் பெயர்ந்துவிட்டன. லயம் போய் அடுக்கு வீடு வந்தது. ஆனால் அப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் வாசல் எல்லா இடத்திலும் மாறிவிட்டதா? இக்கேள்வியை நம் சமூகத்தின் முன் வைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். கண்ணில்லாதார்க்குக் கல்வி எவ்வாறு தோன்றிற்று, அது நம் தமிழுக்கும் இந்நாட்டுக்கும் எவ்வாறு வந்து சேர்ந்தது, அதில் நாம் செய்தது எவ்வளவு, செய்யாதது எவ்வளவு என்பவற்றை வரலாற்று வழியே ஆராய்வோம்.

முதற்கண் ஒரு பழம் பொய்யை விலக்கிவிட வேண்டும். கண்ணில்லாமை முன்வினைப் பயன் என்பது அப்பொய். தாய் செய்த பாவமென்று ஒருத்தி சொல்வாள். தகப்பன் தலையெழுத்தென்று மற்றொருத்தி சொல்வாள். ஆனால் வைத்திய நூல் வேறு கதை சொல்கின்றது. பெரியம்மை எத்தனையோ ஆயிரம் கண்களைத் தின்றது. அம்மைப்பால் குத்தியதால் அந்நோயே உலகினின்று ஒழிந்ததென 1980ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. வினை அன்று, ஊசியே வென்றது. பிறந்த குழந்தையின் கண்ணில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் மருந்து விட்டால் பிரசவத்தின்போது தொற்றும் நோயால் வரும் குருட்டைத் தடுக்கலாமென்று 1880ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானிய வைத்தியர் கிரேடே காட்டினார். கர்ப்பிணிக்கு ரூபெல்லா அம்மை கண்டால் பிள்ளை கண்ணில் புரையுடன் பிறக்கக் கூடுமென்று 1941இல் ஆஸ்திரேலியக் கண் வைத்தியர் நார்மன் கிரெக் எழுதினார்.

நம் தோட்டத்துக்கு இன்னும் அருகே வருவோம். ஏ உயிர்ச்சத்து இல்லாத உணவால் குழந்தையின் கருவிழி வறண்டு உருகிப் போகும். பால் குடிக்கும் பிள்ளையை விட்டு விடியுமுன் வேலைக்குப் போன தாய்மாருக்கு, டப்பாவில் வந்த இனிப்பூட்டிய பால் பெரிய உதவியாகத் தோன்றிற்று. அதைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று விளம்பரம் செய்து விற்றவர்களைச் சிங்கப்பூரில் பணியாற்றிய பெண் வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் ரோட்டரி சங்கத்துக் கூட்டத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார். 'பாலும் கொலையும்' என்பதே அச்சொற்பொழிவுக்கு அவர் இட்ட பெயர். அத்தகைய பால் குழந்தையின் உயிருக்கு எமனாயிற்று. சத்து நீங்கிய பாலையே உண்டு பிழைத்த பிள்ளைகள் சிலரின் கண்ணுக்கும் எமனாயிற்று. லயத்துக் கொல்லையில் வளர்ந்த முருங்கைக்கீரையிலும், பப்பாளிப் பழத்திலும், சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயிலும் அக்கண்ணைக் காக்கும் சத்து இருந்தது. அதை அத்தாய்க்கு எடுத்துச் சொல்வார் இல்லை. இதில் முன்வினை எங்கே வந்தது? வறுமையும் அறியாமையும் செய்த வினையைப் பிறவியின்மேல் ஏற்றிச் சொல்லுதல் நியாயமாகுமா?

இனி, கண்ணிழந்தார் கற்க வல்லரோ என்று ஐயுறுவார்க்கு நம் தமிழ் வரலாறே விடையிறுக்கும். பதினேழாம் நூற்றாண்டில் தொண்டை நாட்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திருக்கழுக்குன்றப் புராணமும் சந்திரவாணன் கோவையும் பாடினார். எழுத்துகளை முதுகில் எழுதிக் காட்டச் சொல்லி அவர் கற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. பழனியில் 1836இல் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இளமையிலேயே அம்மை நோயால் கண்ணிழந்தவர். ஆயினும் சேதுபதி அரசவையில் போற்றப்பெற்ற புலவரானார். இவர்களைப் பாடிப் புகழ்ந்ததோடு நாம் நின்றுவிட்டோம். முதுகில் எழுதினால் ஒருவன் கற்கலாமென்று கண்ட சமூகம், தொட்டறியும் எழுத்தைப் பொதுவாக்கி ஆயிரம் பேர்க்குக் கற்பித்திருக்கலாம். அவ்வாறு செய்தோமில்லை. ஒருவரைத் தெய்வ அருள் பெற்றவரென்று உயர்த்திவிட்டு, மற்ற ஆயிரவரைக் கோயில் வாசலில் கையேந்த விட்டோம். அருளென்று சொல்லி ஒதுங்கியதும், வினையென்று சொல்லி ஒதுங்கியதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்களே.

மேனாட்டிலும் நிலைமை நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. 1771இல் பாரிஸ் நகரத்துச் சந்தை ஒன்றில், கண்ணில்லாதார் சிலருக்குக் கோமாளி உடையும் பெரிய மூக்குக்கண்ணாடியும் அணிவித்து, இசைத்தாளைப் பார்த்து வாசிப்பதுபோல் வாத்தியம் வாசிக்கச் செய்து கூட்டத்தார் சிரித்தனர். அதைக் கண்டு நெஞ்சு புழுங்கிய வாலன்டைன் ஹாவி என்பார், இவர்களை உண்மையாகவே படிக்க வைப்பேன் என்று உறுதி பூண்டு, 1785இல் அந்நகரிலேயே கண்ணிலார்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். தாளில் புடைத்தெழும்படி அச்சிட்ட பெரிய எழுத்துகளை விரலால் தடவிப் படிப்பது அவர் முறை.

அப்பள்ளிக்கு 1819இல் வந்து சேர்ந்த மாணவனே லூயி பிரெயில். கூப்வ்ரே என்ற சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாக 1809இல் பிறந்தவர். மூன்று வயதில் தகப்பனாரின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியை எடுத்து விளையாடியபோது அது கண்ணில் குத்திற்று. நோய் மற்றக் கண்ணுக்கும் பரவி இரண்டும் போயின. இருளில் போர்வீரர் படிப்பதற்கென்று பார்பியே என்ற இராணுவ அதிகாரி பன்னிரண்டு புள்ளிகளால் ஆன ஒரு குறிமுறையை அமைத்திருந்தார். அது ஒரு விரல்நுனியில் அடங்கவில்லை. பிரெயில் அதை ஆறு புள்ளியாகக் குறைத்தார். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. இவற்றை மாற்றி மாற்றி வைத்தால் அறுபத்து மூன்று வடிவங்கள் கிடைக்கும். எழுத்தும் எண்ணும் இசைக்குறியும் அவற்றுள் அடங்கும். 1829இல் அவர் இம்முறையை வெளியிட்டபோது வயது இருபது. எந்தத் தோல் ஊசி கண்ணைப் பறித்ததோ, அதைப் போன்ற முனையால் தாளில் குத்தியே கண்ணிலார் எழுதத் தொடங்கினர். ஆயினும் கண்ணுள்ள உபாத்தியாயர்கள் தமக்குப் பழக்கமில்லாத எழுத்தென்று அதை எளிதில் ஏற்கவில்லை. 1852இல் பிரெயில் மறைந்தார். இரண்டாண்டு கழித்தே பிரெஞ்சு நாடு அதை முறைப்படி ஒப்புக்கொண்டது. கண்ணில்லாதாரின் நலத்துக்குக் கண்ணுள்ளாரின் வசதியே தடையாக நின்ற கதை அது.

இந்தியாவில் கண்ணிலார்க்கு முதற் பள்ளி 1887இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் என்ற மிஷன் மாதால் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் அவ்விளக்கை ஏற்றியது பாளையங்கோட்டை. 1890ஆம் ஆண்டில் அங்கே அஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பணி, பின்னர்ப் பெரியதொரு பள்ளியாக வளர்ந்தது. வாசகர்கள் இந்த ஆண்டைச் சற்று மனத்தில் கொள்ள வேண்டும். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக் கரையில் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. கப்பலில் வந்தது உழைக்கும் கை. கப்பலேற்றியவர்களுக்கு வேண்டியதும் அதுவே. கண்ணில்லாதவனை எந்தக் கங்காணியும் அழைத்து வரவில்லை. ஆனால் வந்தவர்க்குப் பிறந்த பிள்ளைகளுள் கண்ணிழந்தோர் இருப்பரே; அவர்களுக்காக இங்கே எதுவும் காத்திருக்கவில்லை.

இந்நாட்டில் அப்பணி 1926இல் மலாக்காவில் தொடங்கிற்று. ஆங்கிலிக்கன் மருத்துவ மிஷனார், ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் கண்ணில்லாப் பிள்ளைகளுக்கும் அங்கே ஓர் இல்லம் அமைத்தனர். 1931இல் அது பினாங்குக்குப் பெயர்ந்தது. அதுவே புனித நிக்கலஸ் இல்லம். பின்னர் பாகான் ஜெர்மால் சாலையில் நிலைபெற்றது. பட்டர்வொர்த் துறையிலிருந்து ஒரு படகுப் பயணம். 1985இல் பாலம் திறந்த பின்னர் அதுவும் வேண்டா. பாடாங் மேஹாவின் வாசலில் அமர்ந்திருந்த பிள்ளைக்கும் படிக்கக் கூடிய பள்ளிக்கும் இடையே இருந்த தூரம், மைல் கணக்கில் மிகச் சிறிது. அறியாமைக் கணக்கில்தான் அது கடலாக விரிந்தது.

அக்காலத்துத் தோட்டச் சட்டம் நம் பிள்ளைகளை அறவே மறந்ததென்று சொல்வதற்கில்லை. கூட்டு மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி நடத்தக் கட்டளையிட இடந்தந்தது. ஆனால் தோட்டப் பள்ளியென்பது ஒரு கரும்பலகை, ஓர் ஆசிரியர், பல வகுப்பு. கரும்பலகையைக் காணாத பிள்ளைக்கு அங்கே ஓர் ஓரம்கூட ஒதுக்கப்படவில்லை.

போருக்குப் பின்னரே சர்க்கார் இத்துறையில் கை வைத்தது. 1946இல் சமூக நல இலாகா ஏற்பட்டது. 1948இல் ஜொகூர் பாருவில் இளவரசி எலிசபெத் பெயரால் கண்ணிலார் பள்ளி தோன்றிற்று. 1950இல் இங்கிலாந்தில், பன்னிரண்டாம் வயதில் பள்ளிக்கூட இரசாயனச் சோதனை வெடித்துக் கண்ணிழந்த ஜான் வில்சன் என்பவர், பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் கண்ணிலார்க்கென ஒரு சங்கத்தை அமைத்தார். 1951இல் மலாயாக் கண்ணிலார் சங்கம் பிறந்தது. 1953இல் அச்சங்கத்தின் கர்னி பயிற்சி நிலையம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் திறக்கப்பட்டது. பிரம்புப் பின்னலும் கூடை முடைதலும் மட்டுமல்ல. தட்டெழுத்தும் தொலைபேசி இணைப்பு வேலையும் அங்கே கற்பிக்கப்பட்டன. பஹாங்கில் தெமெர்லோவில் கண்ணிலார்க்கென ஒரு பயிர்த்தொழில் நிலையமும் ஏற்பட்டது. தாமான் ஹாராப்பான், நம்பிக்கைத் தோட்டம், என்பது அதன் பெயர். தோட்டமென்றால் கண்ணும் கையும் சேர்ந்தே உழைக்க வேண்டுமென்று எண்ணிய நம்மவர்க்கு, மண்ணையும் கோழியையும் தொட்டுணர்ந்தே வளர்க்கலாமென்று காட்டிய தோட்டம் அது.

1962 முதல் கண்ணில்லாப் பிள்ளைகளைக் கண்ணுள்ளாரோடு சேர்த்துப் பொதுப் பள்ளிகளில் படிக்க வைக்கும் முறையும் இந்நாட்டில் வந்தது. இவ்வழிகள் எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு ஒரு சான்று போதும். பார்வையற்றவரான இஸ்மாயில் முகமது சாலே பொருளியலில் டாக்டர் பட்டம் பெற்றுப் பேராசிரியராகி, நாட்டின் மேலவையிலும் அமர்ந்தார். 2008இல் உடற்குறையுடையோர் சட்டம் நிறைவேறி, கல்வியில் அவர்களை விலக்கலாகாது என்பது எழுத்தில் ஏறிற்று.

இங்கே தமிழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தென்று நாம் மலைக்கின்றோம். எழுத்துச் சீர்திருத்தம் பற்றி 1935 முதல் எத்தனையோ வாதம் செய்தோம். கண்ணிலாரின் தமிழோ அம்மலைப்பை ஓசையின்றித் தீர்த்துக்கொண்டது. 1951இல் யுனெஸ்கோவின் முயற்சியால் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் என்ற முறை வகுக்கப்பட்டது. அம்முயற்சியில் முன்னின்றவர் நியூசிலாந்தவரான கிளதா மெக்கன்சி. 1915இல் கலிப்போலிப் போரில் கண்ணிழந்தவர். அம்முறையில் உயிர்க்கு ஒரு வடிவம், மெய்க்கு ஒரு வடிவம், புள்ளிக்கு ஒரு வடிவம். 'க' என்பதற்கு இடப்பக்கத்து மேற்புள்ளியும் கீழ்ப்புள்ளியும். அதன் பக்கத்தில் ஐகாரத்தின் வடிவத்தை வைத்தால் 'கை' ஆகும். கொம்பும் காலும் முன்னும் பின்னும் சுற்ற வேண்டுவதில்லை. முப்பத்துச் சில்லறை வடிவங்களை அறிந்த பிள்ளை தமிழ் முழுவதையும் படிக்கலாம். 'க'வுக்குரிய அவ்விரு புள்ளிகளே ஆங்கிலத்தில் 'கே' என்னும் எழுத்துக்கும் உரியவை. ஆகவே ஒரு மொழியைக் கற்ற விரல் மற்றொன்றுக்குப் புதிதாகத் தொடங்க வேண்டுவதில்லை.

ஆயினும் இந்நாட்டுக் கண்ணிலார் பள்ளிகளில் பாடமொழி தொடக்கத்தில் ஆங்கிலம், பின்னர் மலாய். அவை பிழைப்புக்கு இன்றியமையாதவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் தாய்மொழியைப் புள்ளியில் படிப்பிக்கும் கடமை பெரும்பாலும் நம் தலையிலேயே விழுகின்றது. கல்வியையே கண்ணென்று சொன்ன மொழி நம்முடையது. அம்மொழியைக் கண்ணில்லாப் பிள்ளை காதால் மட்டுமே அறிந்து, விரலால் ஒருநாளும் தொடாமல் வளர்வது நமக்குப் பெருமையா?

இவ்வளவும் எழுத்தைப் பற்றியது. எழுத்து மட்டும் போதாது. பட்டம் பெற்றும், சட்டைப் பொத்தான் போடத் தாயை அழைக்கும் பிள்ளை தன்காலில் நிற்பதாகாது. ஆகையால் கண்ணிலார்க்குரிய கல்வியில் வாழ்க்கைப் பயிற்சி சரிபாதி. தானே குளித்து உடுத்தல். தட்டில் சோறு எப்பக்கம், கறி எப்பக்கம் என்பதைக் கடிகார முள்ளின் திசையால் அறிதல். கோப்பையில் நீர் நிறையும் அளவை ஓசையாலும் எடையாலும் உணர்தல். நோட்டுகளை மதிப்புக்கு ஒருவிதமாக மடித்து வைத்துக் கொள்ளுதல். மணிச்சட்டத்தால் கணக்குப் போடுதல். இவையெல்லாம் பொறுமையுள்ள ஆசிரியர் கற்பிக்கக் கூடிய வித்தைகளே. புனித நிக்கலஸ் இல்லம் போன்ற இடங்கள் எழுத்தோடு இவற்றையும் சேர்த்தே கற்பித்து வருகின்றன.

நடையும் ஒரு வித்தை. கோல் பழங்காலந்தொட்டு உண்டு. ஆனால் அதை முறைப்படி வீசி நடக்கும் வழி 1944இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனையில், போரில் கண்ணிழந்த வீரர்க்காக ரிச்சர்டு ஹூவர் என்பவரால் வகுக்கப்பட்டது. கோல் நீளமாக, இலேசாக இருக்க வேண்டும். இடக்கால் முன் செல்லும்போது கோல் நுனி வலப்புறம் தரையைத் தொடும். வலக்கால் செல்லும்போது இடப்புறம். அடுத்த அடி விழும் இடத்தைக் கோல் முன்கூட்டியே சோதித்துவிடும். சாக்கடையும் படியும் கல்லும் காலில் தட்டுமுன் கையில் தெரியும். பிறர் தோளைப் பற்றி நடந்தவன் அன்றே தன் வழியைத் தானே தேர்ந்தான்.

இத்தனை வழியிருந்தும் நம் பிள்ளை ஏன் வாசலிலேயே இருந்தது? குற்றத்தைப் பிறர்மேல் சுமத்துவதற்குமுன் நம்மைச் சோதிப்போம். தாய்க்கு அச்சம். கண்ணில்லாப் பிள்ளையைக் கடல் தாண்டி விடுதியில் விட்டால் அடிபடுமோ, பட்டினி கிடக்குமோ, மதம் மாறிவிடுமோ என்ற அச்சம். இது அன்பிலிருந்து பிறந்த அச்சம். இதை எள்ளி நகையாடலாகாது. ஆனால் அவ்வன்பே விலங்காகிவிடுவதையும் மறைக்கலாகாது. 'நீ உட்கார், நான் செய்கிறேன்' என்று தாய் அன்போடு சொல்லும் ஒவ்வொரு முறையும் பிள்ளை ஒரு வித்தையை இழக்கின்றது. தாய் இருக்கும்வரை அது தாங்கும். தாய் போன பின்? அக்கேள்வியைக் கேட்டுப் பார்க்கும் துணிவே உண்மையான பாசம்.

சமூகத்துக்கோ வேறொரு பழக்கம். கண்ணில்லாதார் இல்லத்துக்குப் பிறந்தநாளன்று சோறு கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டு திரும்புகின்றோம். சோறு கொடுத்தல் நன்றே. ஆனால் அன்றைச் சோறு அன்றோடு செரித்துவிடும். ஒரு நீண்ட கோலும், ஒரு புள்ளியெழுத்துப் பலகையும், ஒரு தடித்த தாள்கட்டும் வாழ்நாள் முழுதும் சோறு போடும். திருவிழாச் செலவில் ஒரு நாளை வாண வேடிக்கையை மிச்சம் பிடித்தால் எத்தனை கோல் வாங்கலாமென்று ஆலய நிர்வாகிகளே கணக்கிட்டுக் கொள்ளட்டும். மிஷனார் ஏன் செய்தார்கள் என்று வியப்பதைவிட, நாம் ஏன் செய்யவில்லை என்று வெட்கப்படுவதே பயன் தரும்.

செய்ய வேண்டியவை மலைபோன்றவை அல்ல. பிள்ளையின் கண்ணில் வேறுபாடு தோன்றினால் மந்திரிப்பவரிடம் ஓடாமல் அன்றே வைத்தியரிடம் காட்டுக. மீளாப் பார்வைக் குறையென்று வைத்தியர் சொன்னால், சமூக நல இலாகாவில் பிள்ளையின் பெயரைப் பதிவு செய்க. பதிவில்லாப் பிள்ளைக்குச் சட்டம் தந்த உதவியும் எட்டாது. பள்ளி வயது வருமுன்னரே வீட்டில் படியெண்ணி நடக்கவும், தன் தட்டைத் தானே கழுவவும் பழக்குக. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆறு புள்ளியைக் கற்றுக்கொள்க. கண்ணுள்ளவர்க்கு அது சில வாரத்து வேலை. தோட்டத்து இளைஞர் மன்றங்கள் தம் வட்டாரத்தில் இத்தகைய பிள்ளை எத்தனை என்று வீடு வீடாகச் சென்று எண்ணுக.

எண்ணுதலே முதல் வேலை என்போம். செக்ரோல் புத்தகத்திலும் சேராத, பள்ளி இடாப்பிலும் சேராத அப்பிள்ளையின் பெயரை முதலில் ஓர் ஏட்டில் எழுதுவோம். பின்னர் அப்பெயரை அப்பிள்ளையே தன் விரலால் குத்தி எழுதக் கற்பிப்போம். புள்ளியெழுத்தை வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகப் படிப்பார்கள். பாடாங் மேஹாவின் வாசலில் அமர்ந்த பிள்ளை தாளைத் திருப்பித் தன் பெயரைத் தானே தடவிப் படிக்கும் நாளில், வினை என்ற பழம் பொய்யும் அதனோடு புரண்டு போகும்.